பறங்கிப்பட்டையும் சீனத்து வேர்களும்

மருந்துச் சரக்குகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் பெயர்களிலேயே பொதிந்து கிடக்கிறது. ஒரு வேர் எந்நாட்டில் பிறந்தது, எக்கடலைக் கடந்தது, யார் கையால் நம்மை வந்தடைந்தது என்பனவெல்லாம் பெயரை ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும்.

தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்றொரு சரக்கு உண்டு. தில்லியில் காரி பாவ்லிக் கடைத்தெருவிற் சென்று அப்பெயரைச் சொன்னால் விளங்குவது அரிது. அங்கே அதற்குச் சோப்சீனி என்று பெயர். பாரசீக மொழியில் 'சோப்' என்பது கட்டை. 'சீனி' என்பது சீனத்திற்குரியது. பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூல் இதனைத் 'துவீபாந்தர வசா' என்று கூறும். வேற்றுத் தீவிலிருந்து வந்த வசம்பு என்பது அதன் பொருள். உண்மையில் இது பட்டையுமன்று, கட்டையுமன்று, வசம்புமன்று. சீனத்திலும் சப்பானிலும் வளரும் முட்கொடி ஒன்றின் வேர்க்கிழங்கேயாகும்.

வேரையும் விதையையும் வகைப்படுத்தி எழுதிவைப்பதில் சீனர் தொன்றுதொட்டே தேர்ந்தவர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரபைத் தாங்கிய சென்னொங் மருந்து நூல் 365 சரக்குகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. உடலை வளர்ப்பன மேல்தரம். நோயைக் கடிந்து நெடுநாள் உட்கொள்ளத் தகாத நச்சுடையன கீழ்த்தரம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த லீ சீச்சென் என்னும் மருத்துவர் அப்பழஞ்செல்வத்தை ஆராயப் புகுந்தார். ஒரே பூண்டு இரு பெயரால் வழங்குவதையும், இரு பூண்டுகள் ஒரே பெயரால் மயங்குவதையும் கண்டு, அம்மயக்கத்தை நீக்குவதே மருத்துவனின் முதற்கடன் எனக் கொண்டார். ஏறத்தாழ 27 ஆண்டுகள் உழைத்து, 1,892 சரக்குகளைப் பற்றிய பெருநூலை 1578இல் முடித்தார். அந்நூல் அவர் மறைந்த பின்னரே, 1596இல், அச்சேறி வெளிவந்தது.

அந்நூலில் ஒரு செய்தி நம் கருத்தை ஈர்க்கிறது. பழைய ஏடுகள் அறியாத புண்ணோய் ஒன்று தென்சீனத்தில் தோன்றிப் பரவியது என்றும், அதற்குப் பறங்கிப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த ஒரு வேர் மருந்தாயிற்று என்றும் லீ சீச்சென் எழுதுகிறார். இந்நோயே இன்று சிபிலிஸ் எனப்படும் மேகநோய். 1495ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் பெருகிய இந்நோயைப் பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். இத்தாலியரோ பிரெஞ்சு நோய் என்றனர். 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் வந்திறங்கியபின் நம் நாட்டிலும் அது பரவியது. பாவப்பிரகாசம் அதனைப் 'பிரங்க ரோகம்' என்றது. நாம் பறங்கிப்புண் என்றோம். பழியைப் பிறர்மேல் சுமத்துவதில் எல்லா நாட்டாரும் ஒருமைப்பட்டிருந்தனர்!

நோய் சென்ற வழியே மருந்தும் தொடர்ந்தது. 1535ஆம் ஆண்டளவில் இவ்வேர் சீனத்திலிருந்து இந்தியாவிற்கு வந்தது என்று, கோவாவில் மருத்துவம் பார்த்த கார்சியா த ஓர்த்தா தம் நூலில் குறிப்பிடுகிறார். அந்நூல் 1563இல் கோவாவிலேயே அச்சிடப்பெற்றது. பேரரசர் ஐந்தாம் சார்லசும் இவ்வேரை உட்கொண்டார். அவருடைய மருத்துவரும் உடற்கூற்று அறிஞருமாகிய வெசாலியசு 1546இல் 'சீன வேர்' பற்றி ஒரு மடல் வெளியிட்டார். தமிழில் நிலைத்தது கொணர்ந்தவரின் பெயரோ, நோயின் பெயரோ, இரண்டும் பறங்கியே. வேரை ஈந்த சீனரை நம் சொல் மறந்துவிட்டது.

இவ்வேர் அந்நோயைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை என்றே இன்றைய மருத்துவம் கூறும். மேகநோயின் முதற்புண் மருந்தின்றியும் தானே ஆறும். ஆனால் நோய் உள்ளே பதுங்கிப் பல்லாண்டு கழித்து மீண்டும் தலைகாட்டும். புண் ஆறியதைக் கண்ட மக்கள் வேரைப் போற்றினர். 1943இல் பென்சிலின் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்ட பின்னரே உறுதியான தீர்வு கிட்டியது.

சீனத்தின் பெயரைச் சுமந்து வந்த வேர் இன்னொன்றும் உண்டு. நம் மருத்துவர் இரேவற்சின்னி என்பது பாரசீகத்தின் 'ரேவந்த் சீனி'யே. வடமேற்குச் சீனத்தின் கான்சு மலைகளில் விளையும் இம்மஞ்சள் வேர் சிறந்த பேதி மருந்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இதன் வாணிகத்தைக் குறித்திருக்கிறார். 1839இல் காண்டன் நகருக்கு அருகில் அபினியை அழித்த ஆணையர் லின் செசூ, தேயிலையும் இவ்வேரும் இன்றி ஆங்கிலேயர் ஒருநாளும் வாழ இயலாது என்று நம்பினார். அவர்தம் அரசிக்கு வரைந்த மடலிலும் அக்கருத்தைக் குறித்தார். அடுத்து மூண்ட போர் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது.

வேர் அங்கிருந்து வந்தது போல் விதை இங்கிருந்தும் சென்றது. நம் நாட்டு எட்டி விதையை லீ சீச்சென் அயல்நாட்டுப் பொருள் என்று பொருள்படும் பெயராலேயே தம் நூலில் சேர்த்தார். நாம் சீன வேரைப் பறங்கி என்றோம். சீனர் நம் விதையை அயலது என்றனர். அதன் கடும் நஞ்சாகிய ஸ்ட்ரிக்னைன் 1818இல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்நஞ்சின் பெயரை அறியாத காலத்திலேயே சீனர் விதையைச் சுடுமணலிலிட்டு வறுத்துத் தணித்தனர். நம் வைத்தியரும் சுத்தி செய்யாமல் அதனைத் தொட்டதில்லை. அயல்நாட்டுச் சரக்கு பரவும்பொழுது அதனை ஆளும் நெறியும் உடன் பரவவேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நெறி பிறழ்ந்தால் விளைவது யாது? பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசல்சில் உடல் மெலிய விரும்பிய பெண்கள் பலர் 1990களின் தொடக்கத்தில் சீன வேர் சேர்ந்த மாத்திரைகளை உட்கொண்டனர். மருந்தில் சேரவேண்டியது 'ஃபாங்ஜி' என்னும் வேர். அப்பெயரைத் தன் பெயரின் ஒரு பகுதியாகத் தாங்கிய வேறொரு பூண்டின் வேர் அதனிடத்தில் சேர்ந்துவிட்டது. 1993இல் உண்மை வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் புற்றுநோயும் கண்டது. லீ சீச்சென் எந்தப் பெயர்மயக்கத்தைக் களைய வாழ்நாளைச் செலவிட்டாரோ, அதே மயக்கம் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மக்களை வீழ்த்தியது.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. அக்கேடு விளைத்த பூண்டின் இனத்தைச் சேர்ந்தவையே நம் ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து எனப்படும் ஈச்சுரமூலியும். இவ்வினப் பூண்டுகள் சேர்ந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் முடிவு கூறியது. பெருமருந்து என்னும் பெயரின் பெருமை அதன் நஞ்சை மாற்றாது.

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு பயன்படும். ஊரில் பாட்டியார் சொன்ன வேரைப் பிறமொழிப் பெயர் கேட்டு வாங்குகையில், பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. யுனானி மருத்துவர் 'உசாரே ரேவந்த்', அதாவது இரேவற்சின்னிச் சாறு, என்று வழங்குவது முற்றிலும் வேறான ஒரு மரத்தின் பிசின் என்பதை நினைவிற் கொள்க. சரக்கைத் தேர்ந்த மருத்துவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே உட்கொள்ளுதல் வேண்டும். முன்னோர் அறிவைப் போற்றுதல் என்பது அவர்தம் எச்சரிக்கையையும் சேர்த்துப் போற்றுதலேயாகும்.