வட்டுக்கோட்டையும் தமிழில் வந்த இரசாயனமும்

இரசாயன வகுப்பில் மாணவன் எப்பொழுது தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறான்? சூத்திரங்களை ஒப்புவிக்கும்போது அன்று. ஒரு பொருளுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்கும்போதுதான். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

அங்கே அமெரிக்க மிசனார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய செமினரியிற் கணிதம், வானியல், இரசாயனம் முதலியன ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. 1829இல் ஊர்ப் பஞ்சாங்கம் குறித்த சந்திர கிரகணக் கணிப்பிற் பிழையுண்டு என அதிபர் டானியேல் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் கணக்கையே மெய்ப்பித்தது. பூவரின் நோக்கம் சமயம் பரப்புவதே. ஆயினும், ஏட்டிலுள்ளதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதை மாணவர் கண்ணாற் கண்டனர். பரிசோதனைச் சாலையின் முதற் பாடமும் அதுவன்றோ!

செமினரி 1855இல் மூடப்பட்டது. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, பின் மானிப்பாயில் நிலைகொண்ட வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறொரு வழி கண்டார். ஆங்கிலம் கற்றவர் உத்தியோகம் தேடி அகல்வர், தமிழிற் கற்றவர் ஊரிலே தங்குவர் என்று கருதி, 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். தம் மாணவர் துணையோடு நூல்களையும் ஆக்கினார். ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது.

இங்கேதான் மொழிபெயர்ப்பு ஆராய்ச்சியாகிறது. ஒட்சிசனை எடுத்துக்கொள்வோம். ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்பது இலவோசியே இட்ட பெயரின் பொருள். எல்லா அமிலங்களிலும் அவ்வாயு உண்டென அவர் நம்பினார். உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் அது இல்லையென 1810இல் டேவி காட்டினார். பொருளைத் தமிழாக்கினால் அப்பிழையும் உடன் வரும். ஒலியை மட்டும் கடன்கொண்டால் வராது. செருமானியர் பொருளையே பெயர்த்தனர். அவர்கள் சொல்லில் அப்பிழை இன்றும் உறைந்திருக்கிறது. இதை எடுத்துரைத்து, “நீ என்றால் என்ன பெயர் வைப்பாய்?” என ஆசிரியர் கேட்பாராயின், விடையளிக்க முயலும் மாணவன் அவ்வாயு எரிதலிலும் துருப்பிடித்தலிலும் செய்யும் தொழிலை ஆராய்ந்தே தீரவேண்டும். மனனம் அவனுக்கு அங்கே உதவாது.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விடவில்லை, 1884இல் காலமானார். ‘கெமிஸ்தம்’ என்ற பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. இலங்கையில் ‘இரசாயனவியல்’ என்றும், தமிழகத்தில் ‘வேதியியல்’ என்றும் ஆயிற்று. செமினரி இருந்த வளவில் 1872இல் தோன்றிய யாழ்ப்பாணக் கல்லூரி இன்றும் அங்கேயே இயங்குகிறது.