1923-ஆம் ஆண்டுப் பூகம்பமும் ஜப்பானியத் திருச்சபையின் சுயாதீனமும்

கிறிஸ்தவ சமயத்துக்கு எதிராக ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு காலம் நிலவிய தடையுத்தரவு 1873-இல் விலக்கப்பட்ட பின்னர் ஜப்பானில் தழைக்கத் தொடங்கிய திருச்சபைகளின் சரித்திரத்தை எழுதியோர், அதனைப் பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேய, ருஷ்ய மிஷனெரிமாருடைய சரித்திரமாகவே எழுதி வந்திருக்கின்றனர். அச்சபைகளின் நிர்வாகமும் பொருட்பொறுப்பும் எப்போது, எவ்வாறு ஜப்பானியரின் கைக்கு வந்தன என்று ஆராயப் புகுவோர், 1923 செப்டம்பர் முதல் தேதியன்று தோக்கியோவையும் யோக்கஹாமாவையும் அழித்த பெரும் பூகம்பத்தைக் கடந்து செல்ல இயலாது.

அன்று நண்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் நிலம் அதிர்ந்தது. வீடுதோறும் பகலுணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளையாதலாலும், புயற்காற்று பலமாக வீசியதாலும், நடுக்கத்தினும் நெருப்பே பெருங்கொடுமை விளைத்தது. மாண்டோரும் காணாமற் போனோருமாக ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களுள், ஹோன்ஜோ பகுதியில் ராணுவ உடைக்கிடங்கு இருந்த வெற்றிடத்தில் அடைக்கலம் புகுந்து, சுழன்றடித்த தீயில் மடிந்தவர் மட்டுமே சுமார் 38,000 பேர் என்பர்.

திருச்சபைகளுக்கு நேர்ந்த சேதம் பெரிது. யோக்கஹாமாவில், 1872-இல் தோன்றிய முதல் புராட்டஸ்டண்டு சபையின் ஆலயமும் கத்தோலிக்கரின் திரு இருதய ஆலயமும் அழிந்தன. ஃபெரிஸ் பெண்கள் கலாசாலையின் தலைவியாக இருந்த ஜென்னி கைப்பர் என்ற அமெரிக்க மாது இடிபாட்டிற் சிக்கி உயிர் நீத்தார். தோக்கியோவில் அந்நியர் குடியிருப்பாக முன்பு ஒதுக்கப்பட்டிருந்த ட்ஸுக்கிஜி பகுதியில் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் மிஷன் நிறுவியிருந்த பேராலயமும், ருடால்ஃப் டாய்ஸ்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் வளர்த்த புனித லூக்கா ஆஸ்பத்திரியும் சாம்பலாயின. ஜப்பானியப் போதகருள் தலைசிறந்தவராக மதிக்கப்பட்ட உவேமுரா மசஹிசாவின் ஃபுஜிமிச்சோ ஆலயத்துக்கும் அதே கதி நேர்ந்தது; அதனை மீண்டும் எழுப்பும் முயற்சியில் ஓயாது உழைத்த அவர், 1925 ஜனவரியில் காலமானார்.

இவ்வழிவுக்குப் பின் நிகழ்ந்த புனருத்தாரணத்தை நோக்குமிடத்து, ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இரு வழிகள் புலப்படுகின்றன. டாய்ஸ்லர் தம் தாய்நாட்டவரிடம் சென்று கேட்டார். அவர்கள் தாராளமாகக் கொடுத்தனர். கூடாரங்களில் நடந்துவந்த ஆஸ்பத்திரி 1933-இல் கம்பீரமான புதிய கட்டடத்தைப் பெற்றது. மற்றது ஆர்த்தடாக்ஸ் சபையின் வழி. கண்டா ஸுருகதாய் மேட்டில் 1891-இல் நிறைவெய்திய பேராலயம், அதனை எழுப்பிய ருஷ்யராகிய நிக்கொலாய் அத்தியட்சரின் பெயராலேயே ஊராரால் அழைக்கப்படுவது. பூகம்பத்தன்று அதன் மணிக்கூண்டு சரிந்து குவிமாடத்தின் மேல் வீழ்ந்தது. பின்பு உள்ளே தீப்பற்றியது. இச்சபைக்கு உதவ வேண்டிய ருஷ்யாவோ, 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஒரு காசும் அனுப்பும் நிலையில் இல்லை. 1912-இல் காலமான நிக்கொலாயின் ஸ்தானத்தில் இருந்த செர்கியுஸ் அத்தியட்சர், ஜப்பானின் பல பகுதிகளுக்கும் நேரிற் சென்று, ஏழ்மைப்பட்ட விசுவாசிகளிடம் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டினார். ஒகாதா ஷின்இச்சிரோ என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி, மணிக்கூண்டை முன்னையினும் தாழ்வாக அமைத்து, 1929 டிசம்பரில் பேராலயம் மறுபடியும் திறக்கப்பட்டது. உயரம் குறைந்த அக்கூண்டை அச்சபையின் வறுமைக்கு அடையாளமாகக் கருதுவோரும் இருக்கலாம். தன் செலவைத் தானே தாங்கும் சபையாக அது மாறியதற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து.

ஆயினும், ஆலயங்களைக் கொண்டு மட்டும் இக்காலத்தை அளவிடலாகாது. கோபே நகரத்துச் சேரியில் 1909-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் முதல் குடியிருந்து தொண்டு புரிந்த காகவா தொயோஹிகோ, செய்தி எட்டியவுடனே கப்பலேறித் தோக்கியோ சென்று நிலைமையைக் கண்டார். திரும்பிவந்து மேற்கு ஜப்பானில் ஊரூராகப் பிரசங்கம் செய்து நிதி திரட்டினார். பிணக்குவியலால் உலகறிந்த அந்த ஹோன்ஜோவிலேயே கூடாரமடித்துத் தங்கினார். உணவும் துணியும் வழங்குவதோடு நில்லாமல், மருத்துவம், குழந்தை காப்பகம், காலப்போக்கில் கூட்டுறவுப் பண்டகசாலை, கடன் சங்கம் என்று அவருடைய பணி விரிந்தது. அந்நிய மிஷன் எதன் கீழும் ஊழியம் செய்யாத ஒரு ஜப்பானியர், சுவிசேஷத்தையும் கூட்டுறவையும் ஒருங்கே போதித்தது மிஷனெரி மரபிலும் புதுமையாகும். 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய சர்வதேச மிஷனெரி மாநாட்டுக்கு வந்த ஜப்பானியருள் அவரும் ஒருவர். மறுமாதமே காந்தியடிகளைச் சந்தித்தார்.

இவ்விடத்தில் ஒரு களங்கத்தையும் மறைத்தல் தகாது. பூகம்பத்தை அடுத்து, கொரியர் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்று பரவிய பொய் வதந்தியால், ஊர்க்காவற் கூட்டத்தாரும் படையினரும் காவலரும் கொரியரைக் கொன்று குவித்தபோது, சபைகளின் கண்டனக் குரல் பொதுவாக மெலிந்தே ஒலித்தது. ஹோங்கோ சபையைச் சேர்ந்த பேராசிரியர் யொஷினோ ஸகுஸோ, கொல்லப்பட்டோர் 2,600-க்கு மேற்பட்டவர் என்று கணக்கெடுத்து எழுத முற்பட்டது அரியதொரு விலக்காகும். அழிவை நகரத்தாரின் பாவத்துக்குத் தேவன் விதித்த தண்டனை என்று கிறிஸ்தவச் சிந்தனையாளர் உச்சிமுரா கான்ஸோ போன்றோர் உரைத்ததை அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். கொலையுண்ட கொரியரைப் பற்றிய மௌனமும் அதே அளவுக்கு ஆராயப்பட வேண்டியது.

நிர்வாகத் துறையில் 1923-ஆம் ஆண்டின் இறுதி குறிப்பிடத்தக்கது. நவம்பரில் ஜப்பானியத் தேசியக் கிறிஸ்தவ சங்கம் உருவாயிற்று. டிசம்பரில் மொத்தோதா ஸகுனோஷின், நாயிதே யஸுதாரோ ஆகிய இருவரும் அங்கிலிக்கன் சபையின் முதல் ஜப்பானிய அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றனர். பூகம்பமே இவற்றை விளைவித்தது என்று கூறுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. இரண்டுக்கும் ஆயத்தங்கள் நிலம் நடுங்குவதற்கு முன்பே நடைபெற்று வந்தன. பூகம்பம் செய்ததெல்லாம், பொறுப்பேற்கவிருந்தோர் மீது அப்பொறுப்பின் முழுப் பாரத்தையும் ஒரே நாளிற் சுமத்தியதே. மொத்தோதாவின் புதிய அத்தியட்ச மண்டலம், பிறநாட்டு உதவியின்றி நிற்கும் தகுதியை மெய்ப்பிக்க எண்ணிய வேளையிலேயே, தன் ஆலயங்கள் பலவற்றை இழந்து நின்றது.

அமெரிக்கா மனமுவந்து அனுப்பிய நிவாரணத்தால் விளைந்த நல்லெண்ணமும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஓராண்டும் நிறையுமுன், 1924 மே மாதத்தில் அந்நாடு ஜப்பானியர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றவே, அந்நியப் பணத்தையும் அந்நியப் போதகரையும் இனி ஏற்கலாமா என்ற வினா சபைகளுக்குள்ளேயே எழுந்தது. தொடக்க முதலே மிஷன்களின் பொருளுதவியை வெறுத்துவந்த உச்சிமுராவின் வாதத்துக்கு அச்சட்டம் புதுவலிமை தந்தது.

இத்தகைய சுயாதீன உணர்ச்சியை அடுத்த தலைமுறையில் அரசாங்கமும் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1940-இல் அமலுக்கு வந்த சமய ஸ்தாபனச் சட்டத்தின் நிர்ப்பந்தத்தால், விசுவாசிகளின் காணிக்கையைக் கொண்டு பேராலயத்தைப் புதுப்பித்த செர்கியுஸ், அந்நியர் என்ற காரணத்தால் சபைத் தலைமையைத் துறக்க நேர்ந்தது. 1941-இல் ஜப்பானியராகிய நிக்கொலாய் ஓனோ அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.