லோயர், ஹையர், எக்ஸ்சேஞ்ச் கார்டு

1960களிலிருந்து 1980களின் இறுதி வரை தமிழ்நாட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகளில் பலர் அடுத்துப் படியேறிய இடம் கல்லூரி அல்ல. ஊர்வழக்கில் இன்ஸ்டிடியூட் எனப்பட்ட தட்டச்சுப் பயிலகம். கடைத்தெருவில் மளிகைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ மேலே, செங்குத்தான படிகள் ஏறிப் போனால் ஒரு நீண்ட அறை. விடிந்தது முதல் இரவு வரை அங்கே விசைகளின் சத்தம் ஓயாது, தெருமுனையிலேயே கேட்கும்.

அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் பள்ளி பதினொன்றாம் வகுப்போடு முடிந்தது. பிளஸ் டூ 1978இல்தான் வந்தது. கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யூ.சி. படிக்க வசதியில்லாதவர்களும், பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்களும் செய்த முதல் காரியம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து எக்ஸ்சேஞ்ச் கார்டு வாங்குவதுதான். காலியிடங்களை அந்த அலுவலகங்களுக்கு அறிவிப்பதை 1959ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. பதிவு மூப்புப்படி அழைப்புக் கடிதம் வரும். வெறும் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் வரிசை நீளம். தட்டச்சில் லோயர், ஹையர் எனும் இரு நிலைத் தேர்வுகளிலும் தேறியிருந்தால் வரிசை கொஞ்சம் குறுகும். சுருக்கெழுத்தும் தெரிந்தால் இன்னும் குறுகும். “சும்மாதானே இருக்கே, டைப்பாவது அடி” என்று பெற்றவர்கள் சொன்னதற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

பயிலகத்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம். தாளை மாணவரே கொண்டுவர வேண்டும். முன்பக்கம் நிறைந்தால் பின்பக்கம். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது அறையிலேயே பழைய ரெமிங்டன். தேர்வுக்குப் பணம் கட்டியவருக்குத்தான் நல்ல மெஷின்: ஃபேசிட்டோ ஹால்டாவோ கோத்ரெஜோ. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் தட்டச்சுப் பொறி தயாரிப்பில் இறங்கியது. ஃபேசிட் சென்னைக்குப் பக்கத்திலேயே பெருங்குடியில் தயாரானது. ஆங்கிலத்துக்கு ‘ஏ எஸ் டி எஃப்’, தமிழுக்கு ‘யளனக’ என்று நடுவரிசையில்தான் பாடம் தொடங்கும். சுண்டுவிரல்தான் எல்லோருக்கும் வில்லன். விசைகளுக்கிடையே அது சிக்கிக்கொள்ளும். அதற்குரிய எழுத்து மட்டும் தாளில் மங்கலாக விழும். விசையைப் பார்த்து அடித்தால் மாஸ்டரின் ஸ்கேல் மேசையைத் தட்டும். வரி முடியப்போவதை மணி அறிவித்ததும் கேரேஜை இடதுகையால் தள்ளி அடுத்த வரிக்குப் போவதில் ஒரு நளினம் கூடிவந்தால், ஆள் தேறிவிட்டார் என்று பொருள்.

தேர்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தியது. ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஐந்து தட்டல் ஒரு சொல் என்பது கணக்கு. ஆகவே லோயர் எழுதுபவர் பத்து நிமிடத்தில் 1,500 தட்டல்களை முடித்தாக வேண்டும். அடுத்த தாளில் அலுவலகக் கடிதத்தையும் கட்டம்போட்ட பட்டியலையும் அளவு பிசகாமல் அமைத்துக் காட்ட வேண்டும். பயிலகங்கள் தங்கள் பொறிகளைத் தேர்வு மையத்துக்குத் தாங்களே ஏற்றிச்செல்வது வழக்கம். பழகிய மெஷின் தேர்விலும் கிடைக்க வேண்டுமே என்பதே அன்றைய பெரிய கவலை. தேர்வில் ரிப்பன் சுற்றாமல் நின்றுபோனதால், அடுத்த தேர்வு வரை ஆறு மாதம் வீணானவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

தமிழ்த் தட்டச்சின் கதை கடல் கடந்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப்போன ஆர். முத்தையா தமிழுக்கான விசைப்பலகையை வகுத்தார். முதல் உலகப் போருக்குப் பின் அவருடைய அமைப்பில் பொறிகள் ஜெர்மனியில் உருவாயின. 247 எழுத்துகளை அந்தச் சிறிய பலகைக்குள் அடக்க அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியை அடித்தால் கேரேஜ் நகராமல் நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே வந்து சேரும். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இல் நிறைவேறிய பிறகு தமிழ் மெஷினின் தேவை கூடியது. எம்.ஜி.ஆர். அரசு 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது எளிது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனாலும் மாணவர்கள் முதலில் பழகியது பெரும்பாலும் ஆங்கிலம்தான். தனியார் கம்பெனிக்கும் வடக்கே போவதற்கும் அதுவே உதவும்.

அப்படி வடக்கே போனவர்கள் ஏராளம். லோயர், ஹையர் சான்றிதழ்களோடு பம்பாயின் மாதுங்காவிலும் டெல்லியின் கரோல்பாகிலும் ஏற்கெனவே குடியிருந்த உறவினர் வீட்டில் இறங்கி, வாரக்கணக்கில் கம்பெனி வாசல்களில் ஏறி இறங்குவார்கள். தென்னிந்திய எழுத்தர்கள் பம்பாய் அலுவலகங்களில் எவ்வளவு நிறைந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று அரசியலிலேயே இருக்கிறது: 1966இல் தொடங்கிய சிவசேனையின் முதல் முழக்கமே அவர்களுக்கு எதிரானது. டெல்லி அலுவலக வாழ்க்கையின் அலுப்பையும் போலித்தனத்தையும் தமிழில் எழுத ஆதவன் போன்ற ஒருவர் தேவைப்படும் அளவுக்கு அங்கே தமிழர்கள் சேர்ந்திருந்தார்கள்.

வேலையைவிடப் பயிலகம் அதிகமாக மாற்றியது பெண்களின் நடமாட்டத்தை என்று சொல்லலாம். கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளும் டைப்பிங்குக்கு அனுப்பத் தயங்கவில்லை. உள்ளூர், ஒரு மணி நேரம், மாஸ்டர் தெரிந்தவர். வரன் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளவும் ஆகும். இப்படி நியாயம் சொல்லித்தான் அந்தப் பெண்கள் தினமும் தனியாகத் தெருவில் நடந்தார்கள். இளைஞர்கள் உட்காரும் அறையிலேயே உட்கார்ந்தார்கள். பேச்சுக்குத் தடை இருந்தது, பார்வைக்கு இல்லை. ஆறு மணி பேட்சைவிட்டு ஏழு மணி பேட்சுக்கு மாற மாஸ்டரிடம் சொல்லப்பட்ட பொய்களை எண்ணி முடியாது. அங்கிருந்து கிளம்பியவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள். பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) வீட்டைத் தாங்கும் அப்படியொரு பெண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி இன்று பேசுபவர்கள் மணியோசை, ரிப்பன் மையால் கறுத்த விரல்கள், எதிர் மெஷின் முகம் ஆகியவற்றைத்தான் நினைவுகூர்கிறார்கள். பெஞ்சுகளை நிரப்பியது எது என்பது அந்தப் பேச்சில் விட்டுப்போகிறது. பயிற்சிக்குத் தேவைப்பட்டது சில மாதங்கள். பலர் அங்கே ஆண்டுகள் இருந்தார்கள். லோயர் முடிந்து ஹையர், இங்கிலீஷ் முடிந்து தமிழ், பிறகு சுருக்கெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்ததற்குக் காரணம் ஆர்வம் மட்டுமல்ல, அழைப்புக் கடிதம் வராததும்தான். ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘நிழல்கள்’ இரண்டும் 1980இல், ‘பாலைவனச் சோலை’ 1981இல் திரைக்கு வந்தன. வேலையில்லாப் பட்டதாரி தமிழ் சினிமாவின் நாயகனானது தற்செயல் அல்ல. அரசு வேலை எட்டாதவர்கள் நீதிமன்ற வாசலிலும் பத்திரப்பதிவு அலுவலகத்தின் அருகிலும் மெஷினோடு உட்கார்ந்து மனுவும் பத்திரமும் அடித்துக் கொடுத்தார்கள். அந்த ஜாப் டைப்பிங் பலருக்கு ஆயுள் தொழிலானது.

1990களில் கணினி மையங்கள் பெருகியதும் பயிலகங்களில் கூட்டம் வடிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டிக் கணினிக்கெனத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. கைவிரல் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது என்பதால் பழைய தட்டச்சு முறையும் கணினிக்குள் தொடர்ந்தது. தட்டச்சுப் பொறித் தயாரிப்பைக் கோத்ரெஜ் 2009இல் நிறுத்திவிட்டது. ஆனால் தமிழ்நாடு அரசின் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்குத் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ் தேவை என்ற விதி நிலைத்தது. அதனால்தான் பல ஊர்களில் மாடியறைப் பயிலகங்கள் கணினிக் காலத்திலும் மூடப்படாமல் நடந்துவந்தன.