பைரெக்ஸ் பாத்திரங்கள்: வரலாறும் அடையாளமும் விலையும்

பைரெக்ஸ் என்பது வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரங்களின் வணிகப் பெயர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் நகரில் இயங்கிய கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ் நிறுவனம் 1915-இல் இவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றுள் 1940-களின் நடுப்பகுதி முதல் 1970-கள் வரை செய்யப்பட்ட வண்ணப் பாத்திரங்கள் இன்று பழம்பொருள் சந்தையில் தேடி வாங்கப்படுகின்றன. அன்றாடச் சமையலுக்கென்று பெருமளவில் செய்யப்பட்ட ஒரு மலிவான பொருள் எப்படி இந்த மதிப்பைப் பெற்றது? உண்மையான பழைய பாத்திரத்தை எப்படி அறிவது? இரண்டுக்கும் விடை அதன் வரலாற்றில் இருக்கிறது.

ரயில் விளக்கிலிருந்து சமையலறைக்கு

சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. சூடேறிய நிலையில் குளிர்ந்த நீர் பட்டால், பட்ட இடம் சட்டென்று சுருங்கும். மற்ற பகுதி விரிந்தே நிற்கும். அந்த இழுவிசையைத் தாங்க முடியாமல் கண்ணாடி வெடிக்கும். ரயில்வே விளக்குகளில் இது பெரிய குறையாக இருந்தது. உள்ளே எரியும் சுடரால் சூடேறிய கண்ணாடி, மழையோ பனியோ பட்டதும் உடைந்தது.

ஜெர்மனியின் யெனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போரோசிலிக்கேட் கண்ணாடியை உருவாக்கியிருந்தார். பள்ளி ஆய்வகங்களில் நாம் பார்க்கும் குடுவைகளும் சோதனைக் குழாய்களும் பெரும்பாலும் இவ்வகைதான். சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இது விரியும். கார்னிங் நிறுவனம் குறைவாக விரியும் தன் சொந்தக் கலவை ஒன்றை ‘நோனெக்ஸ்’ என்ற பெயரில் உருவாக்கி, விளக்குகளுக்கும் மின்கலக் குடுவைகளுக்கும் பயன்படுத்தியது. ஆனால் உடையாத கண்ணாடிக்கு மாற்று வாங்க வேண்டிய தேவை குறைவு. எனவே நிறுவனம் அந்தக் கண்ணாடிக்கு வேறு பயன்களைத் தேட வேண்டியிருந்தது.

1913-இல் அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனின் வீட்டில் சமையல் மண்பாத்திரம் ஒன்று உடைந்தது. அவர் மின்கலக் குடுவைகளின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் அவர் மனைவி பெஸ்ஸி லிட்டில்டன் கேக் சுட்டார். கேக் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெந்தது, பாத்திரத்தில் ஒட்டவில்லை, வேகும் பக்குவத்தை வெளியிலிருந்தே பார்க்கவும் முடிந்தது. நோனெக்ஸ் கலவையில் ஈயம் இருந்ததால் அதை அப்படியே சமையலுக்கு விற்க முடியாது. ஈயம் இல்லாத புதிய கலவை உருவானது. அதுவே பைரெக்ஸ்.

போரும் வண்ணமும்

முதல் முப்பது ஆண்டுகளில் பைரெக்ஸ் என்றால் பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடிதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் உணவுக்கூடங்களுக்காகக் கார்னிங் தடித்த வெண்ணிறக் கண்ணாடித் தட்டுகளைச் செய்தது. ஒளி ஊடுருவாத இக்கண்ணாடிக்கு ‘ஓப்பல்’ என்று பெயர். போர் முடிந்ததும் அதே தொழில்நுட்பம் வீட்டுச் சமையலறைக்குத் திரும்பியது.

1940-களின் நடுப்பகுதியில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள் கொண்ட தொகுதி வெளிவந்தது. பெரியது மஞ்சள், அடுத்தது பச்சை, பிறகு சிவப்பு, சிறியது நீலம். பெரிய கிண்ணத்தின் கொள்ளளவு 4 குவார்ட், அதாவது சுமார் 3.8 லிட்டர். வெளிப்புறம் மட்டுமே நிறம் பூசப்பட்டது, உட்புறம் வெள்ளை.

ரயில் விளக்கில் எழுந்த சிக்கல் சமையலறையிலும் உண்டு. எளிதில் உடையாத, தேயாத பாத்திரத்தை ஒருமுறை வாங்கியவர் மீண்டும் ஏன் வாங்க வேண்டும்? அவரைத் திரும்ப அழைத்துவரப் புதிய நிறமும் புதிய சித்திரமும் உதவின. 1956 முதல் ஓப்பல் பாத்திரங்களில் அச்சுச் சித்திரங்கள் வந்தன. 1957-இல் இருபுறமும் பிடியும் ஊற்றுவாயும் கொண்ட ‘சின்ட்ரெல்லா’ கிண்ணங்கள் வந்தன. விவசாயத் தம்பதியும் சேவலும் சோளக்கதிரும் கொண்ட ‘பட்டர்பிரின்ட்’, பழமும் இலையும் கொண்ட ‘கூஸ்பெரி’ ஆகியவை அந்த ஆண்டின் புகழ்பெற்ற சித்திரங்கள். பரிசளிப்புக் காலத்துக்கென்று குறைந்த அளவில் வெளியான சித்திரங்களும் உண்டு. இன்று சேகரிப்போர் தேடுவது இந்த வேறுபாடுகளைத்தான்.

அடையாளம் காணுதல்

முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பைரெக்ஸ் பெயர் அங்கே கண்ணாடியிலேயே அழுந்தியிருக்கும். பெயரோடு எண்ணும் இருந்தால் அது வடிவத்தைக் குறிக்கும். சித்திரத்தையோ ஆண்டையோ குறிக்காது.

* 401 முதல் 404 வரை: வட்டக் கிண்ணங்கள்
* 441 முதல் 444 வரை: சின்ட்ரெல்லா கிண்ணங்கள்
* 501 முதல் 503 வரை: குளிர்பதனப் பெட்டிக்கான மூடியிட்ட பெட்டிகள்

தொடக்கக்கால நான்கு வண்ணக் கிண்ணங்களில் எண் இல்லாமலும் இருக்கும். எனவே எண் இல்லாததாலேயே போலி என்று தள்ளிவிடக் கூடாது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறிப்பு இருந்தால் அப்பாத்திரத்தை 1950-களுக்கு உரியதென்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்றிருந்தால், அது சண்டர்லாந்து நகரின் ஜாப்ளிங் ஆலையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்நிறுவனம் 1920-களின் தொடக்கத்திலேயே உரிமம் பெற்றுப் பைரெக்ஸ் செய்யத் தொடங்கியது. ஆங்கர் ஹாக்கிங் நிறுவனத்தின் ‘ஃபயர்-கிங்’ போன்ற போட்டித் தயாரிப்புகளும் வெண்கண்ணாடியில் வந்துள்ளன. பெயர் பொறிக்காத வெள்ளைக் கிண்ணம் எல்லாம் பைரெக்ஸ் அல்ல.

பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தால் போரோசிலிக்கேட், சிறிய எழுத்துகளில் இருந்தால் சாதாரணக் கண்ணாடி என்றொரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. இதை அப்படியே நம்ப முடியாது. பெரிய எழுத்து முத்திரை கொண்ட பழைய ஓப்பல் கிண்ணங்களே போரோசிலிக்கேட் அல்ல. அவை வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. விதியை நம்பி அவற்றைச் சூட்டிலிருந்து எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் வைப்பவர் பாத்திரத்தை இழப்பார், காயமும் படலாம்.

விலை எதனால் ஏறுகிறது

பழமை மட்டும் விலையைத் தருவதில்லை. நிறமற்ற பைரெக்ஸ் பாத்திரங்கள் வண்ணக் கிண்ணங்களைவிடப் பழையனவாக இருந்தும் பெரும்பாலும் மலிவாகவே விற்கின்றன. விலையை முடிவு செய்பவை மூன்று: சித்திரத்தின் அரிமை, தொகுதியின் முழுமை, பாத்திரத்தின் நிலை. இதயங்களும் நான்கிலைச் செடியும் அச்சிட்ட 1959-ஆம் ஆண்டின் ‘லக்கி இன் லவ்’ பாத்திரம் மிகக் குறைவாகவே கிடைப்பதால், ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயிருக்கிறது. வீடுதோறும் இருந்த சித்திரத்துக்கு அந்த விலை கிடைக்காது.

நிலையைக் கெடுப்பதில் முதலிடம் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு. அதன் சூடும் காரமும் வண்ணத்தின் பளபளப்பை அரித்து, சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆக்கிவிடும். இதற்கு மாற்று இல்லை. எண்ணெய் தடவி எடுத்த படத்தில் இக்குறை மறைந்துவிடும் என்பதால், உலர்ந்த நிலையில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாகக் காட்டும்.

விற்போர் கவனத்துக்கு

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. கார்னிங் 1958-இல் அறிமுகப்படுத்திய நீலப்பூச் சித்திரமிட்ட ‘கார்னிங்வேர்’ பாத்திரங்களுக்குப் பல்லாயிரம் டாலர் கேட்ட விளம்பரங்களைக் காட்டி, அவையெல்லாம் புதையல் என்ற செய்திகள் பரவின. அவை பல ஆண்டுகள் பெருமளவில் செய்யப்பட்ட பாத்திரங்கள். பெரும்பாலானவை சில பத்து டாலருக்கே விற்கின்றன. ஈபே போன்ற தளங்களில் ‘விற்று முடிந்தவை’ பட்டியலைப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

குறைகளை விற்பவரே படத்தோடு சொல்லிவிட வேண்டும். அனுப்பும்போது கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வெறுமனே அடுக்காமல், தனித்தனியே சுற்றி இரட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும் என்பதையும் வாங்குபவரிடம் தெரிவிப்பது முறை. வண்ணம் உரியும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவாமல், உணவுக்கும் பயன்படுத்தாமல் காட்சிக்கு வைப்பதே பாதுகாப்பு.

முடிவு

வண்ண ஓப்பல் பாத்திரங்களின் உற்பத்தி 1980-களில் முடிந்தது. 1998-இல் கார்னிங் தன் வீட்டுப் பாத்திரப் பிரிவையே விற்றுவிட்டது. அதன்பின் கண்ணாடியும் நிறுவனமும் மாறியும் பெயர் மட்டும் தொடர்கிறது. ஆகவே பழைய பைரெக்ஸ் வாங்குபவருக்குப் பெயர் ஒரு தொடக்கம் மட்டுமே. முத்திரை, வடிவ எண், சித்திரம், நிலை ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் அது எந்தக் காலத்துப் பாத்திரம், என்ன விலை பெறும் என்று சொல்ல முடியும்.