முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் மேட்டூரின் மதகும்

வெளிமான்களை முன்னிட்டுக் கோடியக்கரை சரணாலயமானது 1967இல். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கோடியக்கரைக் காடு, வேதாரண்யம் சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மூன்றும் சேர்த்து 385 சதுர கிலோமீட்டர் ஒரே ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வரைபடத்தில் இந்த எல்லை தெளிவாக இருக்கிறது. ஆனால் அங்குள்ள உயிர்களின் வாழ்வை முடிவு செய்யும் தண்ணீர் எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. காவிரிப் படுகையின் நீர்ப் பங்கீட்டைப் பேசாமல் இச்சரணாலயத்தின் பாதுகாப்பைப் பேச இயலாது.

முத்துப்பேட்டைக் காடு அழிந்ததற்கு விறகு வெட்டிகளும் மாடு மேய்ப்பவர்களுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் வேறு காரணத்தைக் காட்டின. காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுப்பது ஒருகாலத்தில் வனத்துறையின் முறையாகவே இருந்தது. நிழலிழந்த சேற்று மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. நிலம் நடுவில் குழிந்தது. பெருக்கில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வடியாமல் அங்கேயே நின்று சுண்டியது. கடலைவிட உப்பு மிகுந்த அந்த மண்ணில் கன்றுகள் தரிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர் மக்களிடமே தீர்வுக்கான தடயமும் இருந்தது. மீனவர்கள் மீன் பிடிக்கக் காட்டுக்குள் வெட்டியிருந்த வாய்க்கால்களின் ஓரங்களில் மரங்கள் செழித்திருந்தன. பின்னர் மீன்முள் வடிவில் வெட்டப்பட்ட வாய்க்கால்கள் ஓதநீரை உள்ளே கொண்டுவந்து திரும்ப வடித்தன, காடு மீண்டது.

மீண்டது எந்தக் காடு என்பதையும் பார்க்க வேண்டும். முத்துப்பேட்டையில் உப்பைப் பெரிதும் தாங்கும் வெண்கண்டலே எங்கும் நிற்கிறது. வடக்கே, கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில் சுரபுன்னை உட்படப் பல இனங்கள் உண்டு. அங்கும் மண் குழிந்தது, அங்கும் வாய்க்கால் வெட்டினார்கள். ஆகவே வேறுபாட்டுக்கு நன்னீர் வரவே முதன்மைக் காரணம் என்று கொள்கிறேன். வாய்க்கால் கடல்நீரைச் சுழற்றித் தரும். ஆற்றுநீரை அதனால் உண்டாக்க முடியாது.

வேதாரண்யம் சதுப்பும் இதே நன்னீர்க் கணக்கில்தான் இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழை உப்பைக் கரைத்து ஆழங்குறைந்த நீர்ப்பரப்பை விரிக்கையில் பூநாரைகளும் உள்ளான்களும் இரை தேடி இறங்குகின்றன. கோடையில் தரை வறண்டு உப்புப் பூக்கிறது.

1934இல் காவிரியில் மேட்டூர் அணை வந்தபின் பாசனத்துக்கான திறப்பு ஜூன் 12, மூடல் ஜனவரி 28 என்பது வழக்கமாயிற்று. முத்துப்பேட்டைக் காயலில் உப்பு உச்சத்துக்கு ஏறும் மாதங்கள் அந்த மூடலுக்குள் அடங்குகின்றன. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பு 740 டிஎம்சி நீரில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க இயலாமல் கடலில் சேர்வதற்கு 4 என ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அவற்றைத் தொடவில்லை. அளவு சிறிதுதான். எனினும் எப்போது, எந்த ஆற்றில் விடுவது என்பது அளவுக்கு நிகரான கேள்வி. மாசி, பங்குனியில் முத்துப்பேட்டைக் காயலில் சேரும் காவிரிக் கிளைகளான பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் சிறிது நீர் விடலாம் என்றால், கடலில் வீணாக்குவதா என்று உழவர்கள் கேட்பார்கள். குறுவைக்கே தண்ணீர் போதாத ஆண்டுகளில் அது நியாயமான கேள்வி. ஆனால் கோடையில் ஆற்றின் வழியே ஏறிவரும் உப்புநீர் முதலில் கெடுப்பது கடைமடை உழவரின் நிலத்தையும் கிணற்றையும்தான்.