வீட்டு ஒலிப்பதிவுக் கூடம்

வீட்டு ஒலிப்பதிவுக் கூடம் என்பது பாட்டையோ வாத்தியத்தையோ பதிவு செய்து, திருத்தி, கலந்து, வெளியிடும் நிலைக்குக் கொண்டுவர ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் இடம். பேச்சு வழக்கில் ஹோம் ஸ்டூடியோ. தனி அறை கிடைத்தால் நல்லது. பெரும்பாலும் கிடைப்பது படுக்கையறையில் ஒரு பக்கம்தான். கணினி, மைக், இரண்டையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் ஆகிய நான்கும் இருந்தால் வேலை தொடங்கிவிடலாம். கணினி ஏற்கெனவே கையில் இருந்தால், மற்ற மூன்றையும் ஸ்டாண்டு, கேபிள் உட்பட ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க முடியும். தமிழ்நாட்டு வாடகை வீடு ஒன்றில், பத்துக்குப் பத்து அறையில், குரலையும் மைக் வைத்து எடுக்கும் வாத்தியங்களையும் பதிவு செய்பவரை முன்னிட்டு எழுதப்பட்டது இக்கட்டுரை. அப்படிப்பட்டவர் முதல் பணத்தையும் முதல் உழைப்பையும் அறைக்குத்தான் கொடுக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் கருவிகளில் மோசமானவை குறைவு, நம் வீடுகளில் மோசமான அறைகள் மிக அதிகம்.

வரலாறு

ஒலிப்பதிவு நெடுங்காலம் பெரிய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால். ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கராஜில், ஒரு வாசிப்பின் மேல் இன்னொரு வாசிப்பாகத் தம் கிட்டாரையே அடுக்கிப் பதிவு செய்தார். 1948இல் வந்த ‘லவர்’ இசைத்தட்டில் கேட்கும் எட்டு கிட்டார்களும் அவர் ஒருவர் வாசித்தவை.

1979இல் டியாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144, சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக் பதியும் முதல் கருவி. 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தம் வாடகை வீட்டுப் படுக்கையறையில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அந்தக் கருவியையும் இரண்டு ஷ்யூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்து, பிறகு இசைக்குழுவோடு பாடுவதற்கான மாதிரியாகச் சில பாடல்களைப் பதிந்தார். இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் பாடியபோது அந்தக் கேசட்டில் இருந்த உணர்வு வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

1983இல் மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி, 1989இல் அட்டாரி கணினிக்கான இசை மென்பொருள் க்யூபேஸ், 2000இல் இலவச மென்பொருளான ஆடாசிட்டி என்று வழி அகலமாகிக்கொண்டே போயிற்று. தமிழில் பெரிய திருப்பம், கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் இசை அங்கே உருவானது. அது சிக்கனமாகக் கட்டிய கூடம் அல்ல. ஆனாலும் மணிக்கணக்கில் வாடகை ஓடும் பெரிய ரெக்கார்டிங் தியேட்டருக்கு வெளியே, நேரம் பார்க்காமல் இசையைச் செதுக்கலாம் என்பதை இங்கே ஒரு தலைமுறைக்குக் காட்டியது அதுதான். 2019இல் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் வெளியிட்ட முதல் ஆல்பம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய அண்ணன் ஃபின்னியஸின் படுக்கையறையில் பதிவானது. மறு ஆண்டு ஜனவரியில் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் பெற்றது.

அறை

காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்க்க வேண்டும். பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை உள்ள நம் அறையில் தட்டல் நின்ற பிறகும் ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் தொங்கி நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி பந்தாடுவதால் வருவது அது. பாடகரின் ஒவ்வொரு சொல்லிலும் இது ஒட்டிக்கொள்ளும். பதிந்த பிறகு பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

இதைவிட ஆழமான சிக்கல் கீழ் ஒலிகளில் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் ஒலி ஒத்ததிர்ந்து பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாகவே இருந்தால் மூன்று திசையிலும் ஒலி அதே ஹெர்ட்ஸில் பெருகும். ஒலியைப் பொறுத்தவரை கனசதுர அறையைப் போல மோசமானது வேறில்லை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மந்தர ஸ்தாயி கைசிகி நிஷாதம் 116 ஹெர்ட்ஸ் அருகே விழும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அறையில் திடீரென்று வீங்கிக் கேட்கும். பாடுபவர் தம் குரலில் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார். குறை அவரிடம் இல்லை.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கை. அது கீழ் ஒலியைத் தொடுவதே இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஓர் அங்குல ஃபோமும் மேல் ஒலிகளை மட்டுமே ஒழுங்காக உறிஞ்சும். 114 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளமே இரண்டரை அடி. அதை ஓர் அங்குலத்தால் மடக்க முடியாது. சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிய அறையில் மேல் ஒலி செத்து, கீழ் ஒலி அப்படியே நிற்கும். பதிவு மூக்கடைத்த குரல்போல் இருக்கும்.

பயன்படுவது தடிமன். வெப்பத் தடுப்புப் பொருள் விற்கும் கடைகளில் ராக்வூல் பலகைகள் கிடைக்கின்றன. இரண்டு அங்குலப் பலகை இரண்டைச் சேர்த்து, மரச் சட்டத்துக்குள் வைத்து, காடாத் துணியால் மூடி, மூலைகளில் குறுக்காக நிறுத்தலாம். நான்கு சட்டங்கள் இருந்தால் அறையே மாறிப்போகும். ஆணி அடிக்க வேண்டியதில்லை, வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

அதற்கும் வழியில்லையென்றால் வீட்டிலேயே இருப்பவை உதவும். இலவம் பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கலாம். தரையில் கனமான ஜமுக்காளம் விரிக்கலாம். பாடகர்கள் பலருக்கும் பிடிபடாத ஒரு சூட்சுமம் இங்கே உண்டு: கார்டியாய்டு வகை மைக்குக்கு முன்பக்கக் காதுதான் கூர்மை. அது பாடகரை மட்டும் கேட்பதில்லை, பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும் கேட்கிறது. எனவே ரஜாய் போன்ற தடித்த போர்வையைத் தொங்கவிட வேண்டிய முதல் இடம் மைக்குக்குப் பின்னால் அல்ல, பாடகருக்குப் பின்னால். புடவைகள் நெருக்கமாகத் தொங்கும் பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடினால் வித்தியாசம் உடனே தெரியும். பீரோ இரும்பு என்றால் அதன் கதவு அதிரும். இடுக்கில் துணியைச் செருகிவிட வேண்டும்.

பாடுவதற்கு அறையின் மூலையும் வேண்டாம், சரிநடுவும் வேண்டாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்று தொடங்கி, இரண்டிரண்டு அடி நகர்ந்து சோதித்து, நல்ல இடம் அகப்பட்டதும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் உள்ளே எழும் ஒலியைச் சீராக்கும். வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்காது. கதவின் அடி இடுக்கையும் ஜன்னல் இடுக்குகளையும் அடைக்கலாம், மற்றதை நேரத்தால்தான் சமாளிக்க வேண்டும். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், குக்கர் விசில், ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி என்று தெருவுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஒரு வாரம் கவனித்து எழுதி வைத்தால் எந்த ஒரு மணி நேரம் நமக்குச் சொந்தம் என்று தெரியும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் இது சிறிய விஷயம் அல்ல. ஐந்து நிமிடம் பாடி, ஐந்து நிமிடம் விசிறி போட்டு, மீண்டும் பாடுவதே நடைமுறை.

மைக்கும் இன்டர்ஃபேஸும்

மைக்குகளில் டைனமிக், கன்டென்சர் என்று இரண்டு வகை முக்கியம். கன்டென்சர் நுணுக்கமானது, இயங்க 48 வோல்ட் பான்டம் பவர் வேண்டும். நல்ல அறையில் அது மூச்சின் ஈரத்தைக்கூடக் காட்டும், கெட்ட அறையில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியையும் காட்டும். டைனமிக் மைக்குக்கு நெருக்கமாக நிற்க வேண்டும், பதிலுக்கு அறையை அது குறைவாகவே கேட்கும். 1965இல் வந்த எஸ்எம்57உம் 1966இல் வந்த எஸ்எம்58உம் இன்றும் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக்குகள். அறையைச் சரிசெய்ய முடியாதவர் டைனமிக் வாங்குவதே சரி என்பது இக்கட்டுரையின் கருத்து.

குரலுக்கு மைக் ஒரு சாண் தூரத்தில், இடையே மூச்சுக் காற்றின் மோதலைத் தடுக்கும் பாப் ஃபில்டர். மிக நெருங்கினால் கீழ் ஒலி தடித்துவிடும். கடலோர ஊர்களில் கன்டென்சர் மைக் ஈரம் குடித்து ‘பொட் பொட்’ என்று வெடிக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸில் இரண்டு உள்ளீடு போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றாலே தாராளம். மீட்டரை மேல்வரை ஏற்றுவது கேசட் காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டியது கிழிந்துவிடும், திரும்பத் தைக்க முடியாது. தம் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாக வருகிறது என்று பாடகர் சொன்னால் மென்பொருளின் பஃபர் அளவைப் பார்க்க வேண்டும். 1024 சாம்பிள் என்றால் அது மட்டுமே 21 மில்லிசெகண்ட், 128 என்றால் மூன்றுக்கும் கீழ். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மென்பொருளுக்குத் தொடக்கத்தில் செலவு தேவையில்லை. ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பரை 60 நாள் முழுமையாகச் சோதித்துவிட்டு வாங்கலாம்.

மின்சாரம்

பதிவின் அடியில் ‘ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். எர்த் இல்லாத பிளக் முதல் சந்தேகம். மலிவான இன்வெர்ட்டர்கள் சீரான அலையைத் தராததால் மின்வெட்டின்போது அந்த இரைச்சல் கூர்மையாகிவிடும். விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் எலக்ட்ரிக் கிட்டாரில் ஏறும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவதே எளிய மருந்து.

சுருதியும் வாத்தியங்களும்

கர்நாடக இசையைப் பதிபவர் சுருதிப் பெட்டியை மைக் இருக்கும் அறையில் ஒலிக்க விடக் கூடாது. தம்புராவின் ஒலி குரல் ட்ராக்கில் கலந்துவிட்டால், ஒரு சங்கதியை வெட்டி வேறு டேக்கிலிருந்து ஒட்டும் இடத்திலெல்லாம் அது தாவுவது கேட்கும். சுருதியைத் தனி ட்ராக்கில் வைத்து, காதை மூடும் ஹெட்ஃபோனில் கொடுக்க வேண்டும். அதன் அளவையும் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே கசியும்.

வீணை மெல்லிய வாத்தியம். மைக்கை ஒன்றரை அடி தூரத்தில், குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே நோக்கி வைக்கலாம். குடத்தின் கீழ் பாய் விரித்தால் டைல்ஸிலிருந்து எழும் பிரதிபலிப்பு குறையும். வாசிப்பவரின் வளையல் ஓசை, பட்டுப் புடவையின் சரசரப்பு இரண்டும் தெளிவாகப் பதியும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைக்கலாம். இரண்டும் சேரும்போது ஒலி மெலிந்தால், ஒன்றின் துருவத்தை மென்பொருளில் திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே மைக் இருந்தால் முன்னே இரண்டடி தள்ளி, சற்று உயரத்தில் வைத்தாலே சமநிலை வந்துவிடும். நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கும் மண்டபத்துக்கும் உரியவை. படுக்கையறையில் அவற்றைப் பதிவது வாத்தியத்துக்குச் செய்யும் அநியாயம். மடிக்கணினியோடு கல் மண்டபம் ஒன்றைத் தேடிப் போவதே நல்லது.

கலவையும் பாதுகாப்பும்

ஸ்பீக்கர் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். சீர்செய்யாத அறையில் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் பொய் சொல்லும். ஹெட்ஃபோனில் கலந்து, செல்பேசியிலும் காரிலும் வரவேற்பறைத் தொலைக்காட்சியிலும் போட்டுக் கேட்டுத் திருத்தினால் போதும்.

மேலே சொன்ன 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் எடுக்கும். எட்டு ட்ராக் உள்ள ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 345 மெகாபைட். இதை இரண்டு தனித்தனி ஹார்டுடிஸ்கில் வைக்க வேண்டும். மென்பொருளின் கோப்பை மட்டும் சேமித்தால் போதாது, பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம். ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் கோப்பாக எடுத்து, பாட்டின் பெயர், சுருதி, தாளம், வேகம், பதிந்த நாள் ஆகியவற்றைக் கோப்புறையின் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டும்.