மணலில் எழுந்த ஒலி

எல்லைகள் மாறும், எழுத்தின் ஒலி மாறாது. பொதட்டூர்பேட்டை அடங்கிய திருத்தணிப் பகுதி 1953-இல் ஆந்திரத்தோடு சென்று, 1960-இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அங்கே தமிழுக்கும் தெலுங்குக்கும் வரிவடிவம் வேறு. ‘க’ எனும் ஒலி ஒன்றே.

அவ்வொலியை முன்னோர் எவ்வாறு ஊட்டினர்? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லியவாறே மணலில் விரலால் எழுதினர். 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இம்மணல் எழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் நூலாக்கினார். ‘மதராஸ் முறை’ என அது இங்கிலாந்தில் பரவிற்று.

மதறஸாவில் நம் பிள்ளை ‘அலிஃபு ஜபர் அ’ என ஓதுவதும் இந்நெறியே: முதலில் எழுத்தின் பெயர், அடுத்துக் குறி, முடிவில் ஒலி. பெயரோடு நின்றால் அது மனப்பாடம்; ஒலியும் கூடினால்தான் வாசிப்பு. தாய்மார்களே! ‘ஆனா, ஆவன்னா’ ஒப்பித்ததும் மகிழ்ந்து விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்து, ஒலியைக் கேளுங்கள்.